நினைவகமும் நிலைபேறும்

பிழை இருவகைப்படும். என்றும் நின்று தோன்றும் பிழை ஒன்று. தோன்றியும் மறைந்தும் மயக்கும் பிழை மற்றொன்று. முன்னையது தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும்; ஆதலின் அதனைத் திருத்துதல் எளிது. பின்னையதோ குற்றமற்றவற்றின்மேற் பழியை ஏற்றிவிட்டுத் தான் ஒளிந்துகொள்ளும். பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் விளையாட்டுக் கணினிகளில், 'ராம்' என வழங்கும் நினைவகம் செய்யும் பிழை இவ்விரண்டாம் வகையினது. அதனைக் கண்டறியும் முறையையும், அது காணுமுன் பிறவற்றின்மேற் பழி சுமத்தலாகாது என்பதையும், வேகத்தினும் நிலைபேறே முதன்மையுடையது என்னும் எம் கருத்தையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

"தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் கணினியின் உட்புறத்தில் யாது வேலை?" என வினவுவார் உளராயின், அவர்க்கு எம் அநுபவமே விடை கூறும்.

விடுதியில் எம்முடன் உறையும் நண்பர் ஒருவர் நாமக்கல் வட்டாரத்தினர். அவர்தம் தந்தையார் லாரி ஓட்டுபவர். ஒரு கணினியை முழுதாக ஒரே முறையில் வாங்குதற்குரிய பொருள் அக்குடும்பத்தினரிடம் இல்லை. ஆதலின், பயணந்தோறும் மிச்சம் பிடித்த பணத்தைக்கொண்டு, முதலில் மதர்போர்டும் பிராசசரும், பின்னர் 8 ஜி.பி. அளவுள்ள ராம் பட்டை ஒன்றும், அதன்பின் கிராபிக்ஸ் கார்டும் எனச் சிறுகச் சிறுகச் சேர்த்து அக்கணினி உருவாயிற்று. ஓராண்டு கழித்து, வேறொரு நிறுவனத்தார் செய்த 8 ஜி.பி. பட்டை ஒன்றும் அதனோடு சேர்க்கப்பட்டது. இரண்டின் உறையிலும் 3200 என்னும் வேக எண்ணே அச்சிடப்பட்டிருந்தது. எண் ஒன்றாயிருக்கவே, இரண்டும் ஒத்து நடக்கும் என நம்பினோம்.

அதன்பின் தொல்லை தொடங்கியது. ஒருநாள் மூன்று மணி நேரம் விளையாடினும் கணினி இடையூறின்றி ஓடும். மறுநாள் பத்தே நிமிடத்தில் நீலத்திரை தோன்றி நின்றுவிடும். அத்திரையில் எழுதிக் காட்டும் காரணமோ ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக இருக்கும். பெரிய விளையாட்டு ஒன்றை நிறுவப் புகுந்தால், பாதியில் 'கோப்பு பழுதுற்றது' என்னும் செய்தி வரும்; மீண்டும் முயன்றால் அதே கோப்பு செவ்வனே விரியும். சேலத்துச் சித்திரை மாத நண்பகலில் இத்தொல்லை மிகும், இரவில் தணியும்.

அறைக்கு வந்தவரெல்லாம் மருத்துவராயினர். "விண்டோஸ் கெட்டுவிட்டது" என்றார் ஒருவர்; "கிராபிக்ஸ் கார்டு பழுது" என்றார் மற்றொருவர்; "விடுதியின் மின்சாரம் சரியில்லை" என்றார் வேறொருவர். விண்டோஸ் மும்முறை புதிதாக நிறுவப்பட்டது. பவர் சப்ளையே குற்றமுடையது எனக் கடைக்காரர் ஒருவர் துணிந்து கூற, தந்தையார் அனுப்பிய பணத்திற் புதியதொன்று வாங்கப்பட்டது. இத்தனை செய்தும் நோய் நீங்கவில்லை. முடிவில் வீட்டுப் பெரியோர், "ஓயாமல் விளையாடியதன் பயன் இது" என்று நண்பரையே கடிந்தனர். இங்ஙனம் பழியானது முதலில் மென்பொருளின்மேலும், பின்னர் மின்சாரத்தின்மேலும், கடைசியாக மனிதர்மேலும் விழுந்தது. நினைவகத்தை மட்டும் ஒருவரும் ஐயுறவில்லை.

இதனால் நேர்ந்த இழப்பையும் கூறுவோம். நாட்டுப்புறப் பாடல் திரட்டும் பாடவேலையின் பொருட்டு, நண்பருடன் அவர் ஊர்ப்பக்கம் சென்று, முதிய பாட்டியார் ஒருவர் பாடிய நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றுள் நாற்பதைக் கைபேசியிற் பதிவு செய்தோம். கைபேசியில் இடம் போதாமையால், அவற்றை நண்பரின் கணினிக்கு மாற்றி, ஒரே ஜிப் கோப்பாகச் சுருக்கி வைத்து, மூலப் பதிவுகளை அழித்துவிட்டோம். ஒரு மாதம் கழித்து அக்கோப்பை விரித்தபோது மூன்று பாடல்கள் திறக்கவில்லை. வெட்கத்துடன் மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். பாட்டியார் முகங்கோணாமல் இரண்டைத் திரும்பப் பாடினார். மூன்றாவதன் முதலடி மட்டுமே அவர் நினைவுக்கு வந்தது. எமக்குத் தெரிந்தவரை, அப்பாட்டை அறிந்தவர் வேறெவரும் அவ்வூரில் இலர். விளையாட்டு இடையில் நின்றதற்கு யாம் வருந்தியது சிறிது. இதற்கு வருந்தியது பெரிது.

இனி, நினைவகம் பிழைபடுதல் எங்ஙனம் என்பதனை நோக்குவோம். இக்காலத்துக் கணினி நினைவகத்தின் ஒவ்வொரு சிற்றறையும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெபாசிட்டருமே உடையது. இவ்வமைப்பைக் கண்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த இராபர்ட் டென்னார்டு என்பார்; அதற்குரிய காப்புரிமை 1968-ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. அச்சிற்றறையில் மின்னேற்றம் இருப்பின் ஒன்று, இல்லையாயின் சுழி எனக் கொள்ளப்படும். இதுவே 'பிட்' எனப்படுவது. ஆனால், அம்மின்னேற்றம் ஓட்டைக் குடத்து நீர்போல் ஓயாது கசிந்துகொண்டேயிருக்கும். ஆதலின், டி.டி.ஆர்.4 வகை நினைவகத்தில் 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் அறையும் மீண்டும் நிரப்பப்படுகின்றது. பட்டையின் வெப்பம் 85 பாகை செல்சியசுக்கு மேற்படுமாயின், கசிவு விரைவதால், இரு மடங்கு அடிக்கடி நிரப்புதல் வேண்டும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் நம் சமவெளி வெயிலும் சேரும்போது, எல்லையில் நின்று ஓடும் நினைவகம் தடுமாறுதல் வியப்பன்று.

16 ஜி.பி. நினைவகத்தில் இத்தகைய சிற்றறைகள் ஏறத்தாழ 13,743 கோடி உள்ளன. அவற்றுள் ஒன்று பிறழ்ந்தால் என்னாம் எனக் கருதுவார்க்குத் தமிழெழுத்துக்களையே சான்று காட்டுவோம். ஒருங்குறி முறையில் ஒவ்வோரெழுத்தும் ஓரெண்ணாக வைக்கப்படுகின்றது. ரகரமும் றகரமும் அம்முறையில் ஒரே ஒரு பிட்டினால் வேறுபடுவன. லகரமும் ளகரமும் அத்தகையனவே. நகரமும் பகரமும் அத்தகையனவே. ஆகவே, ஒரு சிற்றறை பிறழ்ந்தால் 'அறம்' என எழுதியது 'அரம்' ஆகலாம். 'குலம்' என்பது 'குளம்' ஆகலாம். 'நகை' என்பது 'பகை' ஆகலாம். படிப்பவர் எழுதியவரையன்றிக் கணினியைக் குறை கூறுவரோ?

இது வெறுங்கற்பனை அன்று. 2003-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் பெல்ஜிய நாட்டில் நிகழ்ந்த தேர்தலில், பிரஸ்ஸல்ஸ் நகரைச் சார்ந்த ஸ்கார்பேக் என்னும் இடத்தில், வேட்பாளர் ஒருவர் பெற்றிருத்தற்கு இயலாத அளவு மிகுதியான வாக்குக்களைக் கணினி காட்டியது. மீண்டும் எண்ணியபோது மிகை 4096 எனத் தெரிந்தது. பன்னிரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருந்தொகை அதுவே. நிரலில் குற்றம் ஒன்றும் காணப்படாமையின், நினைவகத்தின் ஒரு பிட் தானே பிறழ்ந்ததே காரணமாதல் வேண்டும் என வல்லுநர் கருதினர். கூகிள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்றும், ஓராண்டுக்குள் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட பட்டைகளில் பிழை தோன்றியதைக் காட்டியது.

தமிழ் மாணாக்கராகிய எமக்கு இப்பிழை புதியதன்று. ஓலைச்சுவடியிற் புள்ளியிட்டெழுதும் வழக்கம் அருகியமையால் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கின; ஏடு பெயர்த்தெழுதுவார் கைப்பிழையால் சொல் திரிந்தது. 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முனிசீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், உ. வே. சாமிநாதையரைச் சீவக சிந்தாமணியின்பால் திருப்பினார் என்பதும், ஐயர் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887-ஆம் ஆண்டு அந்நூலை அச்சேற்றினார் என்பதும் நாம் அறிந்தவையே. ஓர் ஏட்டை மட்டும் நம்பியிருப்பின் பிழையைப் பிழையென அறிதல் அரிது. ஒப்புநோக்கிய பின்னரே அது புலப்படும். நினைவகத்தைச் சோதிக்கும் முறையும் இவ்வொப்புநோக்கலே. 'மெம்டெஸ்ட்' என வழங்கும் நிரல், தானறிந்த வடிவமொன்றை ஒவ்வொரு சிற்றறையிலும் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என நோக்குகின்றது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி நினைவகத்திற்குப் பொருந்தாது. இங்கு ஒவ்வொரு சோற்றையும் தொட்டுப் பார்த்தே தீரல் வேண்டும்.

இவ்வழியில் எம்மைச் செலுத்தியவர் கணினி கற்றவர் அல்லர். விடுமுறையில் நண்பரின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, பயணம் முடிந்து வந்திருந்த அவர் தந்தையார் எங்கள் துன்பத்தைக் கேட்டார். கேட்டவர், "வெறும் வண்டி நல்லாத்தான் ஓடும் கண்ணு. லோடு ஏத்திப் பாத்தீங்களா? ஒவ்வொன்னாக் கழட்டிப் பாத்தீங்களா, இல்ல எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திப்போட்டீங்களா?" என வினவினார். யாம் விடையின்றி நின்றோம். சுமையில்லாத லாரி சமவெளியில் ஓடுவதைக்கொண்டு, அது சுமையோடு தொப்பூர்க் கணவாயைக் கடக்கும் எனத் துணிதல் யாங்ஙனம்? அன்று முதல் முறையாகச் சோதிக்கத் தொடங்கினோம். அம்முறையைப் பிறர்க்கும் பயன்படுமாறு நிரல்படக் கூறுகின்றோம்.

முதலாவது, குறித்து வைத்தல். எந்நாளில், எந்நேரத்தில், எச்செயலின்போது கணினி நின்றது, திரை யாது கூறிற்று என்பவற்றை எழுதி வைத்தல் வேண்டும். காரணம் ஒவ்வொரு முறையும் வேறுபடுமாயின் நினைவகத்தை ஐயுறுக.

இரண்டாவது, பொருத்துதல். மின்னிணைப்பை முற்றும் நீக்கி, கையை வெற்று உலோகத்தில் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தைப் போக்கியபின், பட்டைகளைக் கழற்றி, 'ஸ்லாட்' எனும் செருகுவாயின் தூசு நீக்கி, கொக்கி ஒலிக்க மீண்டும் அழுத்திப் பொருத்துக.

மூன்றாவது, இயல்பு வேகத்திற்கு இறக்குதல். விளையாட்டுக் கணினிக்கெனச் சிறப்பாக விற்கப்படும் பட்டைகளின் உறையிலுள்ள வேகம், பெரும்பாலும் அவற்றின் இயல்பு வேகம் அன்று; இன்டெல் நிறுவனத்தார் 2007-ஆம் ஆண்டு கொணர்ந்த எக்ஸ்.எம்.பி. என்னும் ஏற்பாட்டைப் பயாஸில் இயக்கினால் அடையும் வேகமே அது. டி.டி.ஆர்.4 நினைவகத்தின் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், அவ்வேற்பாட்டிலோ 1.35 வோல்ட் வரை ஏற்றுதல் வழக்கம். அவ்வேற்பாட்டை நிறுத்தியபின் நோய் நீங்குமாயின், பட்டை பழுதன்று, வேகமே மிகை எனக் கொள்க.

நான்காவது, இரவு முழுதும் சோதித்தல். மெம்டெஸ்ட் நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் தொடங்குமுன் அதிலிருந்தே கணினியை இயக்கி, நான்கு சுற்றேனும் ஓடவிடுக. ஒரே ஒரு பிழை காட்டினும் தேறவில்லை என்றே கருதுக. "ஒன்றுதானே" என்று மன்னித்தல் ஆகாது.

ஐந்தாவது, ஒவ்வொன்றாகப் பிரித்தல். ஒரு பட்டையை மட்டும் ஒரு செருகுவாயில் வைத்துச் சோதிக்க. பின் அதே வாயில் மற்றதனைச் சோதிக்க. அதன்பின் வாயை மாற்றிச் சோதிக்க. ஒரே வேளையில் இரண்டு மாற்றம் செய்வோர், நோய் தீர்ந்தாலும் மருந்து எது என அறியார்.

ஆறாவது, பயாஸைப் புதுப்பித்தல். மதர்போர்டு செய்தோர் நினைவகக் குறைகளை அவ்வப்போது அதிற் களைவதுண்டு. ஆனால், இடையில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே இயங்காதொழியக் கூடுமாதலின், யு.பி.எஸ். துணையின்றி இதிற் புகற்க.

ஏழாவதும் இறுதியானதும், விண்டோஸைப் புதிதாக நிறுவுதல். இதனையே யாம் முதலிற் செய்தோம். அதுவே எம் பெரும்பிழை. பழுதுற்ற நினைவகத்தின் வழியாகவே புதிய கோப்புக்களும் செல்லுமாதலின், அவையும் பழுதுறும். மணலின்மேல் வீடு கட்டினவனைப் பற்றிய உவமையை ஞாயிற்றுப் பள்ளியில் எத்தனை முறை கேட்டும், விடுதி அறையில் அவன் செய்ததையே மும்முறை செய்தோம்.

இம்முறையிற் சோதித்து யாம் கண்டது இது: பழைய பட்டை தனித்து 3200 வேகத்திற் பிழையின்றித் தேறியது, புதிய பட்டையும் தனித்துத் தேறியது, இரண்டும் சேர்ந்தபோதே பிழை தோன்றியது. ஆகவே, குற்றம் பழையதனிடத்தும் இல்லை, புதியதனிடத்தும் இல்லை. இரண்டும் ஒருங்கே அவ்வேகத்தைத் தாங்காமையே குற்றம். உறையிலுள்ள எண், தனித்தனியே செய்த உறுதி. வேறொரு நிறுவனத்தார் பட்டையோடு சேர்ந்து ஓடுவதற்கு அவ்வெண் பொறுப்பாகாது. இணையாக விற்கும் பட்டைகளை ஒருங்கே சோதித்து ஒரே பெட்டியில் வைத்து விற்பதன் காரணம் இதுவே. வேகத்தை 2933-க்கு இறக்கி இரவு முழுதும் சோதித்தோம். ஒரு பிழையும் இல்லை. அதன்பின் சித்திரை நண்பகலிலும் அக்கணினி நின்றதில்லை.

"பணங்கொடுத்து வாங்கிய வேகத்தை விட்டுக்கொடுப்பதா?" எனச் சிலர் கேட்கின்றனர். வேகம் குறைந்தபின் விளையாட்டில் எம் கண்ணுக்கு எவ்வேறுபாடும் புலப்படவில்லை. அன்றியும், பிழையோடு விரைந்து வரும் விடையால் யாது பயன்? "விளையாட்டுக் கருவிதானே, நின்றால் மீண்டும் இயக்கினாற் போகிறது" என்பார் வேறு சிலர். விளையாட்டுக்கென்று வாங்கிய கணினியே நம் விடுதிகளில் கட்டுரை எழுதுதற்கும், படம் தொகுத்தற்கும், ஒலிப்பதிவு காத்தற்கும் உதவுகின்றது. விளையாட்டில் நீலத்திரையாகத் தோன்றும் பிழை, கட்டுரையில் ஒலியின்றி எழுத்தை மாற்றிச் செல்லும். அங்ஙனமாயின், விளையாட்டின்போது அப்பிழை நம்மை எச்சரித்ததற்கு நாம் நன்றி கூறல் வேண்டும். விளையாட்டே பழுதுக்குக் காரணம் என்னும் பெரியோர்க்கும் இதுவே எம் பணிவான விடை: விளையாட்டு நினைவகத்தைக் கெடுக்கவில்லை, அதன்மேற் சுமையேற்றிக் கேட்டைக் காட்டியது.

பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த இரிச்சர்டு ஹாமிங் என்பார், பிழையைத் தானே கண்டு திருத்தும் குறிமுறையை 1950-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். பெரிய நிறுவனங்களின் சர்வர் கணினிகள் அவ்வழிப்பட்ட நினைவகத்தை உடையன. பெரும்பான்மையான விளையாட்டுக் கணினிகளுக்கோ அக்காப்பு இல்லை. டி.டி.ஆர்.5 வகையில் சில்லுக்குள்ளேயே பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று உண்டெனினும், சில்லுக்கும் பிராசசருக்கும் இடைப்பட்ட வழியில் நேரும் பிழையை அது தடுக்காது. ஆதலின், காவலன் இல்லாத வீட்டில் வீட்டுக்காரரே விழித்திருத்தல் வேண்டும்.

ஈண்டு நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். கணினிக் கூடத்தில் மெம்டெஸ்ட் நிரல் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றை வைத்து, வேண்டும் மாணாக்கர் ஓரிரவு பெற்றுச் செல்ல இடமளித்தல் நலம். செலவோ மிகச் சிறிது. அதனால் ஒரு தந்தையார் வீணாகப் பவர் சப்ளை வாங்காமற் காக்கப்படுவாராயின் அதுவே போதும். மாணாக்கர்க்கும் ஒரு சொல்: படியைத் திறந்து பார்த்து, மூலத்தோடு ஒப்புநோக்கும் வரையில் மூலத்தை அழிக்கற்க. யாம் இழந்த பாட்டின் முதலடியை மையினால் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கின்றோம். எஞ்சிய அடிகளை அறிந்த முதியோர் அயலூர்களில் உளரா எனத் தேடி வருகின்றோம்.

கணினி பிழை செய்தால், முதலிற் சுமையேற்றிப் பார்ப்போமாக. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போமாக. பழி சுமத்துதலை அதன்பின் வைத்துக்கொள்வோமாக.